ஒரு சாண் உயரத்தில்

போத்தி துறைமுகம், ஏழாம் மேடை.
கருங்கடலின் மார்ச் ஈரம்
இரும்பின் மேல் வியர்வையாய் நிற்கிறது.
மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கிறது
அறுபத்திரண்டு டன் டிரான்ஸ்பார்மர்.
மலை மின்நிலையத்துக்குப் போகவேண்டும்.
டிரெய்லர் தன் தொண்ணூற்றாறு சக்கரங்களோடு காத்திருக்கிறது.
கப்பல்காரன் மணி பார்க்கிறான்,
பார்ப்பதை நாங்கள் பார்க்கவேண்டும் என்று பார்க்கிறான்.

அதன் விலாவில் மஞ்சளில் ஒரு கூட்டல் குறி.
எடையின் நடு இதுதான் என்று
தொழிற்சாலையில் யாரோ வரைந்தது.
குறிக்கு நேர் மேலே கொக்கியை நிறுத்தினோம்.
நான்கு கம்பிவடம், நான்கு ஷேக்கிள்.
ஊசிகளை முறுக்கியவன் கோச்சா.
மறுபடி தொட்டுப் பார்த்தவன் நான்.
அவனை நம்பாமல் இல்லை;
இரண்டு பேர் தொட்டால்தான் இங்கே ஊசி.

உயரத்துக் கண்ணாடிக் கூண்டில் நாசிப்ரோலா.
முகம் தெரியாது. வாக்கிடாக்கியில்
அவள் இருமல் மட்டும் தெரியும்.
ஒரு சாண், என்று கையை விரித்துக் காட்டினேன்.
ஒரே ஒரு சாண்.

வடங்கள் தளர்ச்சியை உறிஞ்சிக்கொண்டன.
எங்கோ ஒரு முனகல்.
மூன்று மூலைகள் கட்டையை விட்டன.
நான்காவது விடவில்லை,
உறவுக்காரர் வீட்டிலிருந்து கிளம்ப மறுக்கும் பிள்ளை மாதிரி.

"பேப்பரில் சரியாகத்தானே இருக்கிறது,"
மேஸ்திரி மல்ஹாஸ் பேப்பரைத் தட்டினார்.
"பேப்பரைத் தூக்கவேண்டுமானால் சொல்லுங்கள்,
இப்போதே தூக்குகிறேன்,"
வாக்கிடாக்கி இருமியது.

சுமைக்குப் பொய் சொல்லத் தெரியாது.
தன் எடையின் நெஞ்சைக்
கொக்கிக்கு நேர் கீழே கொண்டுவந்து சேர்க்காமல்
அது ஓயாது.
வழி விட்டால் அசையாமல் ஏறும்.
விடாவிட்டால் தானே வழி பண்ணிக்கொள்ளும்,
அந்த வழியில் நிற்பது யார் என்று
கேட்டுக்கொண்டிருக்காது.

இறக்கினோம்.
தார்ப்பாயைப் பிரித்தால்
அந்த மூலையில் ஓர் இரும்புப் பெட்டி.
உதிரி போல்ட்டுகள், செப்புத் தகடுகள்.
குறி வரைந்த பிறகு
யாரோ நல்லெண்ணத்தில் சேர்த்து அனுப்பியது.
ஒன்றரை டன் நல்லெண்ணம்.
சுங்க முத்திரை இருந்தது, கழற்ற முடியாது.

எதிர்ப்புறத்து வடங்களுக்கு
ஒவ்வொரு ஷேக்கிள் கூட்டி நீளம் கொடுத்தோம்.
கொக்கி நான்கு விரற்கடை நகர்ந்தது.
அதற்கு ஒன்றேகால் மணி நேரம்.
கப்பல்காரன் இப்போது மணி பார்க்கவில்லை,
எங்களைப் பார்த்தான்.

மறுபடி ஒரு சாண்.
நான்கு மூலையிலும் ஒரே அளவு வெளிச்சம்.
கோச்சா குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்தான்,
கையை மட்டும் நீட்டவில்லை.
தொங்குவதன் அடியில்
நாங்கள் எதையும் நீட்டுவதில்லை.

பிறகு உயரம்.
யூகலிப்டஸ் வரிசையைத் தாண்டிக் காற்று வந்தது.
என் கையில் வால்கயிறு:
பிடி உண்டு, சுற்று இல்லை, முடிச்சு இல்லை.
என் எடை எழுபத்தொரு கிலோ.
நான் அதை இழுத்தேன் என்றால் சிரிப்பீர்கள்.
அது திரும்ப நினைக்கும்போது
அந்த நினைப்பை
சற்றுத் தாமதப்படுத்தினேன், அவ்வளவுதான்.

டிரெய்லர் முதுகு மெல்லத் தாழ்ந்தது.
சக்கரங்கள் ஒவ்வொன்றாய்ப் பாரத்தை ஒப்புக்கொண்டன.
வடங்களைக் கழற்றியதும்
வெறுங்கொக்கி அப்படி ஆடியது
சுமையோடு ஒருபோதும் ஆடாத ஆட்டம்.
எல்லோரும் தலை தாழ்த்தி நின்றோம்.

கிளம்பும் முன் கோச்சாவைக் காணவில்லை.
டிரெய்லரின் மறுபக்கத்தில், பெயிண்ட் டப்பாவோடு,
பழைய கூட்டல் குறியை அடித்துவிட்டு
நான்கு விரற்கடை தள்ளிப்
புதிதாக ஒன்று வரைந்துகொண்டிருந்தான்.
கோணல்மாணலாக. பெயிண்ட் வழிந்தது.
மலை மேல் இதை இறக்கப்போகிறவர்களில்
ஒருவரையும் அவனுக்குத் தெரியாது.
"காயட்டும், பத்து நிமிஷம்," என்றான் டிரைவரிடம்.